கிராவல் கரையில் ஒரு கேட்

“உன்ற சைக்கிளு ஒம்போது கிலோ சாமி, ஒத்தைக் கையில தூக்கி அக்கட்ட வெச்சுப்போட்டே. என்ற சைக்கிளு சாம்பாரோட சேத்தி அம்பது கிலோ. வா, வந்து தூக்கு. தூக்கிக் காட்டிப்போட்டு அப்பறமா சட்டம் பேசு!”

கண்ணாத்தாள் இப்படிச் சீறியபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஐந்தே முக்கால். வாய்க்கால் கரையில் மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் அடித்த புது இரும்புக் கேட் ஒன்று குறுக்கே நின்றது. வலது கைப் பக்கம் கரை தளும்பத் தண்ணீர். இடது கைப் பக்கம் கரடு என்கிற மொட்டைக் குன்றின் பாறை. பாறைக்கும் கேட்டுக்கும் நடுவில், ஆள் உடம்பைத் திருப்பி நுழைகிற அளவுக்குக் குழாயை வளைத்து ஒரு சந்து விட்டிருந்தார்கள். அந்தச் சந்தில் கண்ணாத்தாள் நுழையலாம். அவளுடைய சைக்கிள் நுழையாது. பின் கேரியரில் நூற்றெண்பது இட்லி அடுக்கிய அலுமினியப் போசி, இரண்டு பக்கமும் கொக்கியில் தொங்கும் சாம்பார் போசியும் சட்னி போசியும், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிக் கட்டிய பழைய டியூப் வார். இத்தனையோடும் அது எருமை மாதிரி அகலமாக நின்றது.

எதிரே நின்றவர் ஆனந்தகுமார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். தலையில் ஹெல்மெட், கண்ணில் ஆரஞ்சுக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை. அவருக்குப் பின்னால் அதே மாதிரி சட்டை போட்ட ஏழெட்டுப் பேர். அவர்களுடைய சைக்கிள் சங்கம்தான் ஆறு மாதம் அலைந்து திரிந்து, மனு மேல் மனு போட்டு, சொந்தச் செலவில் அந்தக் கேட்டை நட்டது. வண்டி வாசனையே இல்லாத கிராவல் பாதை, பக்கத்திலேயே தண்ணீர், மூன்று இடத்தில் கரட்டின் மேல் ஏறி இறங்கும் மேடு, கடைசி மேட்டில் நின்றால் கீழே காவிரி. இப்படி ஒரு பாதைக்காக ஊர் ஊராகத் தேடியதாக அவர் எல்லாரிடமும் சொல்வார். பொய் இல்லை. தேடித்தான் வந்தார். தேடி வந்த இடத்தில் முன்னமே ஒருத்தி ஓட்டிக்கொண்டிருப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

“அம்மா, கோபப்படாதீங்க. இது சைக்கிளுக்குன்னே ஒதுக்கின பாதை. உங்களுக்கும் நல்லதுதானே?” என்றார் ஆனந்தகுமார்.

“சைக்கிளுக்கு ஒதுக்குனதா? அப்ப இது என்னது, எருமையா?” என்று கண்ணாத்தாள் தன் சீட்டின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “ரெண்டு சக்கரம் இருக்குது. பெடலு இருக்குது. மிதிச்சா ஓடுது. இன்னும் என்ன வேணும், கண்ணுல கண்ணாடி போட்டு உடோணுமா?”

பின்னால் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். தனப்பிரியா என்று பெயர். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடைக்காரரின் மகள். அவள்தான் முன்னால் வந்து, “சார், நாம ஆளுக்கு ஒண்ணாத் தூக்கிக் கொடுத்துடலாம். அவங்களுக்கு நேரமாகுதுல்ல” என்றாள்.

டியூப் வாரை அவிழ்த்தார்கள். இட்லிப் போசியை இரண்டு பேர் தூக்கினார்கள். சாம்பார் போசியைத் தூக்கிய இளைஞன் சூடு பட்டு, “அம்மா!” என்று கத்தினான். “துணியப் புடிச்சுத் தூக்கோணும் சாமி. சாம்பாரு ஐஸ்கிரீமா?” என்றாள் கண்ணாத்தாள். சைக்கிளை மூன்று பேர் சேர்ந்து தலைக்கு மேல் தூக்கிக் கேட்டைத் தாண்டிக் கொடுத்தார்கள். அதில் ஒருவராக ஆனந்தகுமாரும் இருந்தார். இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். இருபது நிமிடம் ஆகிவிட்டது.

கடைசிப் போசியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஹாரன் சத்தம் கேட்டது. வெள்ளை வேன் ஒன்று கரையில் ஏறி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. சங்கத்து வேன். உள்ளே தண்ணீர் பாட்டில், வாழைப்பழத் தார், காற்றடிக்கும் பம்பு. சைக்கிள்காரர்கள் களைத்துப்போனால் பின்னாலேயே வந்து உதவுவதற்காம். டிரைவர் இறங்கினான், பையிலிருந்து சாவியை எடுத்தான், பூட்டைத் திறந்தான், சங்கிலியை உருவினான், கேட்டை விரியத் திறந்து வேனை உள்ளே விட்டான்.

கண்ணாத்தாள் கையிலிருந்த வாரை அப்படியே விட்டுவிட்டாள்.

“ஏஞ்சாமி பல் டாக்டரே, மோட்டாரு வண்டி வரப்படாதுன்னு கேட்டு போட்டதும் நீயே. மோட்டாரு வண்டிக்குக் கேட்டத் தொறக்கறதும் நீயேவா? வாழைப்பழம் வேன்ல போகோணும், இட்லி தலைமேல போகோணும். அப்படித்தானே?”

ஆனந்தகுமாரின் முகம் சிவந்துவிட்டது. “அது சப்போர்ட் வேன்மா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான். பர்மிஷன் இருக்கு” என்றார்.

“எனக்குக் காத்திருக்கற வயிறுக தெனமும் இருக்குது” என்று சொல்லிவிட்டு அவள் ஏறி மிதித்தாள்.

கண்ணாத்தாளுக்கு வயது அறுபத்தொன்று. சொந்த ஊர் அந்தக் கரட்டடியிலேயே. பள்ளிக்கூடத்து வாசப்படியை மிதித்ததில்லை. கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுவாள், நீட்டும்போது எதிரே இருப்பவனை முறைத்துக்கொண்டே நீட்டுவாள். புருஷன் செங்கோடன், திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் போர்க்கிணறு தோண்டும் வேலைக்குப் போனவன். எட்டு மாதம் வடக்கே, நாலு மாதம் ஊரில். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், பெயரைச் சொன்னாலும் அவள் நாக்கில் நிற்காத ஒரு ஊரில், கேசிங் பைப் சரிந்து அவன் மேல் விழுந்தது. பிள்ளை குட்டி இல்லை.

முதலாளி ஆபீசுக்குப் போய், தனக்குச் சேர வேண்டிய பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஷெட்டின் ஓரத்தில் அவனுடைய சைக்கிள் சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். முன்கம்பி வைத்த ஆம்பளைச் சைக்கிள். லாரி ஏறப் போகும்போதெல்லாம் அங்கே விட்டுவிட்டுப் போவான். “அதை அப்பறம் ஆள்கிட்டக் குடுத்து உடறோமுங்க” என்றார் மேனேஜர். “எந்த ஆளு? இருந்த ஆளத்தான் துணியில சுத்திக் குடுத்துப்போட்டீங்களே” என்று சொல்லி, அவளே தள்ளிக்கொண்டு கிளம்பினாள். ஓட்டத் தெரியாது. மெயின் ரோட்டில் தள்ளிக்கொண்டு போனால் பார்க்கிற சனம் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசும் என்று, சுற்றாக இருந்தாலும் வாய்க்கால் கரையில் இறங்கினாள். மனிதர் நடமாட்டம் இல்லாத கிராவல் மண். ஐந்து கிலோமீட்டர் தள்ளிய பிறகு அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. செத்தவன் மேலும், சக்கரம் இருக்கிற ஒரு சாமானைக் கை வலிக்கத் தள்ளுகிற தன் மேலும். இரண்டாவது மேட்டின் உச்சிக்கு வந்ததும் புடவையைத் தொடைக்கு மேல் ஏற்றிச் சொருகி, முன்கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு, இறக்கத்தில் சைக்கிளை விட்டாள். கீழே போவதற்குள் விழுந்தாள். திரும்ப மேலே தள்ளிக்கொண்டு போய் மறுபடியும் விட்டாள். நான்காவது தடவை சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனாள். இடுப்பளவுத் தண்ணீர். பொழுது சாயும்போது அவள் ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாள், நனைந்த வெள்ளைப் புடவையோடு. ஊர் என்னென்னமோ பேசியது. அவள் பிரேக் பிடிக்கவில்லை. பிடிக்கத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம்.

அன்றிலிருந்து அந்தக் கரைதான் அவள் ரோடு. பதினோரு கிலோமீட்டர். அந்தக் கோடியில், குமாரபாளையத்துக்கு வெளியே மூன்று தறிப்பட்டறைகள். இராத்திரி ஷிப்ட் முடித்து இறங்குகிறவர்களுக்கும் காலை ஷிப்ட் ஏறுகிறவர்களுக்கும் ஏழு மணிக்கு அவள் இட்லி வேண்டும்.

கிராவலில் ஓட்டுவது தார் ரோட்டில் ஓட்டுவது மாதிரி இல்லை. டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்தால் சக்கரம் ஒவ்வொரு கல்லுக்கும் குதிக்கும், இட்லி உதிர்ந்து புட்டாகிவிடும். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் சற்றே உள்ளே போக வேண்டும், அந்த அளவுதான் காற்று. கரையின் நடுவில் புல், இரண்டு பக்கமும் பழைய ஜீப் தடம். தடத்தின் உள் ஓரத்தில் மண் இறுகியிருக்கும், அதிலேயே போக வேண்டும். வெளி ஓரத்தில் கோலிக்குண்டு மாதிரி உருளும் கல். இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். மேட்டில் சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் பின் சக்கரம் சறுக்கும், உட்கார்ந்தபடியே இடுப்பால் அழுத்த வேண்டும். முதல் இரண்டு மேட்டில் அவள் இன்றுவரை இறங்கியதில்லை. மூன்றாவது மேட்டில் ஐந்து வருடமாக இறங்கித் தள்ளுகிறாள். அதை ஒருத்தரிடமும் சொல்லமாட்டாள்.

ஹாரன் இல்லை. புகை இல்லை. மயில் அகவும், தண்ணீர் மதகில் விழும், கல் டயரில் பட்டுத் தெறித்து வாய்க்காலில் ‘டொப்’ என்று விழும். பதினோரு கிலோமீட்டரும் அவள் சத்தம் போட்டு யாரையாவது திட்டிக்கொண்டே போவாள். கேட்க ஆள் இல்லாததால் நன்றாகத் திட்டலாம். அவளுக்குத் தெரிந்த சந்தோஷம் அதுதான்.

அந்தப் பாதையில்தான் கேட் வந்து உட்கார்ந்திருக்கிறது.

லாரியை அடைத்தது தப்பு என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. கரட்டில் திருட்டுத்தனமாக மண் அள்ளும் டிப்பர்கள் நாலைந்து மாதமாகக் கரைமேல் ஓட ஆரம்பித்திருந்தன. இரண்டு தடவை அவளை வாய்க்கால் விளிம்பு வரை ஒதுக்கின. அதை அடைக்க வேண்டியதுதான். டிப்பருக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே கேட்டைப் போட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை கேட்டருகே ஒரு ஆளும் இல்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சின்னுசாமி முந்தைய வாரம் மூன்று நாள் வந்து திறந்துவிட்டவன்தான். அவனுக்குப் பதினான்கு கிலோமீட்டர் வாய்க்கால், ஒன்பது மதகு. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரமே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். “ஏனுங்கக்கா, என்னைத் தப்பா நெனைக்காதீங்க. இனிமேட்டுக்குச் சங்கத்துக்காரங்களுக்கும் ஆபீசுக்கும் தவிர ஆருக்குந் தொறக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்க. மீறித் தொறந்தா என்னைத் தூக்கி எங்கயோ போட்டுருவாங்க.”

“உன்னத் தூக்கறதுக்கும் மூணு ஆளு வேணும்” என்று மட்டும் சொல்லி அவனை அனுப்பினாள்.

வேறு வழியில்லாமல் மெயின் ரோட்டில் போனாள். ஒன்பது கிலோமீட்டர்தான், கணக்குக்குக் குறைவு. ஆனால் அது திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் வரிசையாக வடக்கே கிளம்பும் மாதம். ஒரு லாரி கடந்து போகும்போது காற்று தள்ளும், அதன் பின்னாலேயே கம்ப்ரசர் லாரி வரும்போது காற்று இழுக்கும். சைக்கிள் சக்கரத்தில் காற்று கம்மி, தார் ரோட்டில் அது மாவு மாதிரி அமுங்கியது. நான்காவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து விழுந்த ஹாரனில் அவள் உடம்பு தானாக இடது பக்கம் ஒடித்தது. ரோட்டின் விளிம்பு ஒரு முழம் பள்ளம். சைக்கிளும் அவளும் போசிகளும் ஒன்றாகப் பள்ளத்தில் கிடந்தார்கள். லாரி நிற்கவில்லை. முழங்கால் தோல் உரிந்து இரத்தம் வந்தது. சாம்பார் முழுவதும் மண்ணுக்குப் போயிற்று.

தறிப்பட்டறைக்குப் போனபோது மணி எட்டாகிவிட்டது. ஆட்கள் டீக்கடையில் பன் தின்றுவிட்டு ஷிப்ட் ஏறியிருந்தார்கள். பட்டறை மேஸ்திரி அவள் முழங்காலைப் பார்த்தான், கடிகாரத்தையும் பார்த்தான்.

“ஏனுங்கம்மா, இப்படியே ஆனா எப்படி? பசியில நிக்கறவன் தறியில கையக் குடுத்துருவான். இந்த ஒரு வாரம் பாக்கறேன். சரிப்பட்டு வல்லீன்னா வேற ஆளத்தான் பாக்கோணும்.”

அவள் காலிச் சாம்பார் போசியைக் கொக்கியில் மாட்டினாள். ஒரு வாரம். அதற்குள் கரைப் பாதை திரும்பக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று பட்டறையும் போய்விடும். அல்லது அவளே ஒருநாள் அந்தப் பள்ளத்தோடு போய்விடுவாள்.

செவ்வாய்க்கிழமை வாய்க்கால் ஆபீசுக்குப் போனாள். உதவிப் பொறியாளர் சின்ன வயசு, முகத்தில் தூக்கம். கேட்டதற்கெல்லாம் ஃபைலைத் திறந்து படித்துத்தான் பதில் சொன்னார்.

“விண்ணப்பம் சங்கத்தோட பேர்லதான் வரணும்மா. பதிவு எண் வேணும். நீங்க எந்த அமைப்பு?”

“நா எந்த அமைப்புமில்லீங்க. கண்ணாத்தாளுங்க. இருவத்தேழு வருசமா அந்தக் கரைமேல போறனுங்க. நீங்க அப்ப பொறந்தே இருக்கமாட்டீங்க.”

“அது பொதுப் பாதை இல்ல. துறையோட பாதை. இதுவரைக்கும் நீங்க போனதே அனுமதி இல்லாமத்தான்.”

“அப்ப அந்தப் பல் டாக்டருக்கு மட்டும் அவங்கொப்பன் வெட்டுன வாய்க்காலுங்களா?”

பொறியாளர் பெருமூச்சு விட்டார். உத்தரவைப் படித்துக் காட்டினார். கண்ணாத்தாள், “இன்னொருக்காப் படிங்க சாமி, எனக்குக் கண்ணு அவிஞ்ச மாதிரி, காதுலதான் ஏத்தோணும்” என்றாள். அவர் மறுபடியும் படித்தார். கேட் எந்நேரமும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மோட்டார் வாகனங்கள் உள்ளே நுழையக் கூடாது, அனுமதி பெற்ற உதவி வாகனம் தவிர. பூட்டின் சாவி ஒன்று துறையிடமும் ஒன்று சங்கத்திடமும் இருக்கும். அவ்வளவுதான் உத்தரவு. எழுதத் தெரியாதவளுக்கு ஒரு வசதி, கேட்டது அப்படியே தங்கிவிடும். ஆபீஸ் படியிறங்கும்போதே அவள் அதை ஒப்பித்துக்கொண்டு இறங்கினாள், இடையிடையே பொறியாளரை ஏசியபடி.

புதன்கிழமை அவளுடைய தண்ணீர் முறை. செங்கோடன் பங்குக்கு வந்த முக்கால் ஏக்கரில் அவள் கொஞ்சம் கத்தரியும் தட்டைப்பயிறும் போட்டிருந்தாள். கூட்டுக் கிணறு. நான்கு பங்காளிகளுக்குப் பொது. நான்கு பேரும் பேசி ஒன்பது வருடமாகிறது. ஒருவன் கல்யாணத்துக்கு ஒருவன் போகமாட்டான், எழவுக்குப் போனாலும் தெருமுனையிலேயே நின்று திரும்பிவிடுவான். ஆனால் மோட்டார் ரூம் ஒன்று, கதவு ஒன்று. ஒருவன் சாவி இன்னொருவன் கைக்குப் போகாது. அதனால் அந்தப் பக்கத்துக் கூட்டுக் கிணறுகளில் எல்லாரும் செய்வதையே இவர்களும் செய்திருந்தார்கள். கதவில் ஒரு சங்கிலி, அந்தச் சங்கிலியின் இரண்டு முனையையும் சேர்க்கிற இடத்தில் நான்கு பூட்டு. முதல் பூட்டின் வளையத்தில் இரண்டாவது, இரண்டாவதில் மூன்றாவது, மூன்றாவதில் நான்காவது, ஒன்றை ஒன்று கோத்துத் தொங்கும். எவன் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி அறுந்த மாதிரி கதவு திறக்கும். திரும்பக் கோத்துப் பூட்டிவிட்டுப் போனால் மற்ற மூவருக்கும் பாதகமில்லை. பேசவும் வேண்டாம், முகத்தைப் பார்க்கவும் வேண்டாம்.

கண்ணாத்தாள் ஒன்பது வருடமாகச் செய்கிற மாதிரி தன் பூட்டைத் திறந்தாள். மோட்டாரைப் போட்டாள். திரும்பி வந்து, கதவோரம் தொங்கிய பூட்டு வரிசையைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பாத்தியில் தண்ணீர் உடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் பங்காளியின் வரப்பில் ஏறியது. அவன் தூரத்திலிருந்து பொதுவாக வானத்தைப் பார்த்து, “தண்ணிய உட்டுப்போட்டுக் கனாக் காங்கறாங்களாட்ட இருக்குது” என்றான். அவளும் வானத்தைப் பார்த்து, “கொஞ்சந் தண்ணி போனா ஒருத்தனும் செத்துப்போக மாட்டான்” என்றாள். ஒன்பது வருடத்தில் அவர்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அது.

அந்த வாரத்தின் மற்ற நாட்களிலும் அவள் மெயின் ரோட்டில்தான் போனாள். காலை மூன்றரை மணிக்கே அடுப்பை மூட்டி, லாரிகள் கிளம்புமுன் கிளம்பி, ஹாரன் கேட்டபோதெல்லாம் இறங்கிப் பள்ளத்தில் நின்று, போனவர்கள் குலத்தையெல்லாம் வைதுகொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். சனிக்கிழமை இட்லி கொடுத்த கையோடு குமாரபாளையத்துக் கடைவீதிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே கேட்டுக்குப் போய் நின்றாள். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள். சின்னுசாமியும் தன் மொபெட்டில் வந்து சேர்ந்தான். அவளே வரச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஆனந்தகுமார் அவளைப் பார்த்ததும் அன்றைக்குத் தூக்கிய தோளைத் தேய்த்துக்கொண்டார்.

“இன்னைக்கும் தூக்கிடலாம்மா. பிரச்சனை இல்ல” என்றார்.

“வேண்டாஞ் சாமி. வேனு வரட்டும்.”

தனப்பிரியா குனிந்து கண்ணாத்தாளின் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். “காத்து கம்மியா வெச்சிருக்கீங்க! நாங்களும் கிராவலுக்கு இப்படித்தான் வெப்போம். யாரு சொல்லிக் கொடுத்தது?”

“இட்லி சொல்லிக் குடுத்துச்சு. கல்லு மேல குதிச்சா ஒடஞ்சு போவேன்னு.”

வேன் வந்தது. டிரைவர் பூட்டைத் திறந்தான், சங்கிலியை உருவினான், கேட்டை விரித்தான். வேன் உள்ளே போனது, பின்னாலேயே சைக்கிள்களும் போயின. பூட்டு சங்கிலியின் ஒரு முனையில் திறந்தபடி தொங்கியது. டிரைவர் திரும்பிக் கேட்டைச் சாத்த வருமுன் கண்ணாத்தாளே சாத்திவிட்டாள். சுருக்குப் பையிலிருந்து ஒரு புதுப் பித்தளைப் பூட்டை எடுத்தாள். சங்கிலியின் காலி முனையில் அதைக் கோத்து அழுத்தினாள். சங்கத்துப் பூட்டை இழுத்து, தன் பூட்டின் வளையத்தில் மாட்டி, அதையும் அழுத்தினாள். இரண்டு தடவை ‘டக்’ என்று சத்தம் வந்தது. கேட் பூட்டிக்கொண்டது.

“அம்மா! என்ன பண்றீங்க?” என்று ஆனந்தகுமார் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார்.

“இரு சாமி, பாரு.” தன் சாவியைப் போட்டுத் திருகினாள். சங்கிலி கழன்றது. கேட்டைத் திறந்து, போசி ஒன்றும் அவிழ்க்காமல், சைக்கிளை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். திரும்பிக் கேட்டைச் சாத்தி, கோத்து, அழுத்தினாள். “இப்ப உன்ற சாவியப் போட்டுத் தொறந்து பாரு.”

டிரைவர் திறந்து பார்த்தான். திறந்தது. மறுபடி பூட்டினான். பூட்டியது.

ஆனந்தகுமார் சின்னுசாமியைப் பார்த்தார். “என்னங்க இது? துறை கேட்ல யாரு வேணா பூட்டுப் போடலாமா? கழட்டுங்க அதை.”

“என்னட்ட இருக்கறது ஆபீசுப் பூட்டுச் சாவிங்க. அக்கா பூட்டுக்கு அக்காட்டத்தான் சாவி இருக்குது” என்றான் சின்னுசாமி. அவன் வாயோரத்தில் ஏதோ துடித்தது.

“உத்தரவு இருக்கும்மா இதுக்கெல்லாம்.”

“இருக்குது. நானுங் கேட்டேன், ரெண்டுதரம். கேட்டு எந்நேரமும் பூட்டப்பட்டிருக்கோணும். பூட்டித்தான் இருக்குது. மோட்டாரு வண்டி நொழையப்படாது. என்ற வண்டிக்கு மோட்டாரு எங்கிருக்குதுன்னு காட்டு. பூட்டோட சாவி ஒண்ணு ஆபீசுல, ஒண்ணு சங்கத்துல. உங்க சாவி உங்ககிட்டத்தான் இருக்குது, நா தொட்டனா? ஒரே பூட்டுத்தான் தொங்கோணும்னு எந்த வரியில எழுதியிருக்குது? போய்ப் படிச்சுப் பாரு. உனக்குப் படிக்கத் தெரியுமில்ல?”

ஆனந்தகுமார் குரலைத் தணித்தார். “நீங்க நாளைக்கு மறந்து திறந்தபடியே விட்டுட்டா? டிப்பர் உள்ள வந்துடும்மா. ஆறு மாசம் அலைஞ்சு வாங்கினது. அந்தப் பயம்தான் எங்களுக்கு.”

கண்ணாத்தாள் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். திங்கட்கிழமைக் காயம் கறுத்து, பாதிதான் ஆறியிருந்தது.

“டிப்பரு வந்தா உனக்கு ஞாயித்துக்கெழம கெடும். வேற ரோட்டுக்கு வண்டியேத்திக்கிட்டுப் போயிருவே. எனக்கு ஏழு நாளுங் கெடும். மொதல்ல சாகறவ நானு. இந்தக் கேட்ட என்னாட்டப் பூட்டறதுக்கு இந்த ஊருல ஆளில்ல. நீ கேட்டு போட்டது தப்பில்ல சாமி. போடறப்ப இங்க ஆரு போறாங்க, எதைத் தூக்கிக்கிட்டுப் போறாங்கன்னு ஒருத்தங்கிட்டயாச்சும் கேட்டியா? சின்னுசாமியக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பான். மயிலக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்கும்.”

ஆனந்தகுமார் அந்த முழங்காலைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார்.

“கமிட்டில பேசறோம்” என்றார்.

“பேசுங்க. நல்லாப் பேசுங்க. வாழைப்பழந் தின்னுக்கிட்டே பேசுங்க. அதுவரைக்கும் பூட்டு அங்கதான் தொங்கும்.”

தனப்பிரியா வாய்விட்டே சிரித்துவிட்டாள். ஆனந்தகுமார் அவளை முறைக்கப் பார்த்து, முடியாமல், ஹெல்மெட் வாரைச் சரிசெய்தார். “சரி, நேரமாகுது, கிளம்புங்க” என்று தன் ஆட்களிடம் சொன்னார். வேன் டிரைவரிடம் மட்டும் மெதுவாக, “அந்தப் பூட்டைத் தொடாதே” என்றார். அது கண்ணாத்தாளின் காதில் விழத்தான் விழுந்தது. விழுந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

சைக்கிள்கள் கிராவலில் சரசரவென்று முதல் மேட்டை நோக்கிப் போயின. சின்னுசாமி கேட்டுக்குப் பக்கத்தில் வந்து, தொங்கும் இரண்டு பூட்டையும் கையில் ஏந்திப் பார்த்தான். சங்கத்துப் பூட்டு தகரம் மாதிரி இலேசாக இருந்தது. மற்றது கனத்தது.

“நல்ல சாமானுங்கக்கா. எத்தனைக்கு வாங்குனீங்க?”

கண்ணாத்தாள் அப்போதுதான் பெடலில் கால் வைத்திருந்தாள். அந்தக் கேள்வியில் அவளுக்கு ஒரு வாரத்துக் கோபமும் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டது.

“நா இத்தன வருசமாக் காசில்லாமச் சும்மா போயிட்டிருந்த கரைக்குடா சாமி! நானூறு சொன்னான் கடக்காரன். வாயிலயே வெட்டி வெட்டிக் கொறச்சேன். அப்பறமும் முன்னூத்தி நாப்பது ரூவா.”